திருச்சியில் பிறந்த எட்டாம் படையணியும் வெஞ்சன்ஸ் விமானமும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கம் தீவுக்கும் மலைக்கோட்டைக்கும் தெற்கே, புதுக்கோட்டைச் சாலையையொட்டி அமைந்த திருச்சிராப்பள்ளி விமான நிலையம், இன்று சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்வோரின் வாசலாகவே அறியப்படுகிறது. கராச்சியிலிருந்து சென்னை வரை ஓடிய டாடா நிறுவனத்தின் அஞ்சல் விமானத் தடம் 1938இல் கொழும்புவரை நீட்டிக்கப்பட்டபோது திருச்சி அதன் இடைத்தங்கலாயிற்று. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய துறைமுகங்களில் குண்டு வீசியதும், அதுவரை போர்முனைக்கு வெகுதொலைவில் இருந்த தென்னிந்தியா திடீரென அதன் விளிம்புக்கு வந்துவிட, தஞ்சாவூர், சூலூர், அரக்கோணம் போன்ற ஊர்களோடு திருச்சியும் ராணுவ விமானத் தளமாக மாறியது. நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்து 1928 முதல் இயங்கிய பொன்மலை ரயில்வே பணிமனையிலும், ரயில் என்ஜின்களைப் பழுதுபார்த்த கைகளே பிரிட்டிஷ் விமானப் படையின் விமானங்களைப் பழுதுபார்க்கும் வேலையை ஏற்றன.

இந்தச் சூழலில்தான் 1942 டிசம்பர் 1ஆம் நாள் இந்திய விமானப் படையின் எட்டாம் ஸ்குவாட்ரன், அதாவது ஒரே வகை விமானங்களையும் அவற்றுக்குரிய விமானிகளையும் தொழில்நுட்பப் பணியாளரையும் கொண்ட படையணி, திருச்சியில் உருவாக்கப்பட்டது. அதே நாளில் விசாகப்பட்டினத்தில் ஏழாம் படையணி உருவானது. இவற்றுக்கான ஆட்களில் ஒரு பகுதியினர், பழைய விமானங்களை வைத்துக்கொண்டு துறைமுகங்களைக் காவல் காத்து, அப்போது கலைக்கப்பட்டுவந்த கடலோரப் பாதுகாப்புப் பிரிவுகளிலிருந்து வந்தவர்கள். எட்டாம் படையணியின் முதல் தளபதி நிரஞ்சன் பிரசாத். தரைப்படையிலிருந்து விமானப் படைக்கு அனுப்பப்பட்ட இவர், பின்னர் தரைப்படைக்கே திரும்பி, 1962, 1965 ஆகிய இரு போர்களிலும் டிவிஷன் தளபதியாகச் சர்ச்சைக்குள்ளானவர் என்பது தனிக்கதை.

அக்காலத்தில் ஓர் இந்திய இளைஞர் போர் விமானியாவதற்குப் படிப்படியான ஒரு பாதை இருந்தது. பேகம்பேட்டையிலோ ஜோத்பூரிலோ டைகர் மாத் என்னும் இரட்டை இறக்கை விமானத்தில் பறக்கக் கற்று, அம்பாலாவில் ஹார்வர்ட் பயிற்சி விமானத்துக்கு முன்னேறி, அதன்பின் போரில் ஓட்டவேண்டிய விமானத்தைப் பழகுவதே அந்த வழி. ஹார்வர்டின் 600 குதிரைசக்தி என்ஜினுக்குப் பழகிய கை, எட்டாம் படையணிக்கு வழங்கப்பட்ட, 1,600 குதிரைசக்தி கொண்ட வல்டீ வெஞ்சன்ஸை அடக்க வேண்டியிருந்தது.

வெஞ்சன்ஸ், இலக்கின்மேல் ஏறக்குறைய செங்குத்தாகப் பாய்ந்து குண்டை விடுவிக்கும் அமெரிக்க விமானம். முன்னே விமானியும் பின்னே துப்பாக்கியோடு துணைவரும் அமர்வர். முதலில் பிரான்ஸ் கேட்ட இந்த விமானத்தை, 1940இல் பிரான்ஸ் வீழ்ந்தபின் பிரிட்டன் வாங்கிக்கொண்டது. இதன் சிறப்பும் குறையும் ஒரே இடத்திலிருந்து வந்தன. வழக்கமான விமானங்களில் இறக்கை உடலோடு சற்றே மேல்நோக்கிய கோணத்தில் பொருத்தப்படும். வெஞ்சன்ஸில் அக்கோணம் இல்லை. ஆகவே பாயும்போது நூல் பிடித்ததுபோல் நேராக இறங்கிய அது, மட்டமாகப் பறக்கையில் மூக்கைத் தூக்கிக்கொண்டே சென்று, விமானியின் முன்பார்வையை மறைத்தது. இந்திய வெப்பமும் தூசியும் சேர்ந்துகொள்ள, எண்ணெயை அளவுக்கு மீறிக் குடித்துச் சூடேறிய என்ஜின் பெருந்தொல்லை தந்தது. 1943இன் பெரும்பகுதி பயிற்சியிலும் பழுதுநீக்கத்திலும் கழிந்ததற்கு விமானிகளின் திறமைக் குறைவைக் காரணமாகச் சொல்வது நியாயமன்று.

அந்த ஆண்டு டிசம்பரில் சிட்டகாங் பகுதிக்குச் சென்ற எட்டாம் படையணி, பர்மாவின் அரக்கான் போர்முனையில் காட்டுக்குள் பதுங்குகுழி அமைத்திருந்த ஜப்பானியரைத் தாக்கியது. நெருங்கி நிற்கும் தம் படைவீரர்மீது படாமல் எதிரியின் குழியில் மட்டும் குண்டு விழ வேண்டிய அந்த வேலைக்கு, செங்குத்தாகப் பாயும் விமானத்தைவிடப் பொருத்தமானது அன்று வேறில்லை. ஆயினும் 1944 நடுவில் வெஞ்சன்ஸ்கள் விலக்கப்பட்டு, எட்டாம் படையணிக்கு ஸ்பிட்ஃபயர்கள் வழங்கப்பட்டன; குண்டையும் சுமந்து, தேவைப்பட்டால் வானில் சண்டையும் இடக்கூடிய ஒற்றை இருக்கை விமானங்களே சிக்கனமானவை என்ற கருத்து வலுத்திருந்தது.

பிரிட்டனுக்கு அனுப்பப்பட்ட பிந்தைய மாதிரிகளின் கதி இன்னும் எளியது. தரையிலிருந்து சுடும் பீரங்கிக்காரர்கள் குறிபார்த்துப் பழகுவதற்காக, நீண்ட கம்பியில் கட்டிய துணிக்குழாயை வானில் இழுத்துச் செல்லும் பயிற்சி விமானங்களாக அவை மாற்றப்பட்டன. போர் முடிந்தபின் பாதுகாத்து வைக்கும் அளவுக்கு எவரும் வெஞ்சன்ஸை மதிக்கவில்லை. உலகில் முழுவடிவில் எஞ்சிய ஒரே வெஞ்சன்ஸ் ஆஸ்திரேலியாவின் கேம்டன் நகரில் பேணப்பட்டதுதான்.

விமானம் போனாலும் படையணி போகவில்லை. திருச்சியில் பிறந்த எட்டாம் படையணி பின்னாளில் சுகோய்-30 விமானங்களுக்கு மாறியது. மலைக்கோட்டையையும் ராஜகோபுரத்தையும் பொன்மலையையும் குறித்து எழுதுவோர், 1942 டிசம்பர் 1ஆம் நாளையும் இவ்வூரின் வரலாற்றில் சேர்த்தல் வேண்டும்.