இரவுப் பாதையும் மோட்டார் சைக்கிளும்

மாங்காயைப் பழுக்க வைப்பதற்குச் சில வியாபாரிகள் கார்பைடு கல்லை உபயோகிக்கிறார்கள் என்று கேட்டுக் கோபங்கொள்ளும் நம்மில் பலருக்கு, அதே கல்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிள் பிரயாணிகளுக்கு இரவில் வழிகாட்டியது என்ற செய்தி வியப்பைத் தரக்கூடும். வண்டியின் சட்டத்தில் பித்தளைக் குடுவை ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். அதன் கீழறையில் கல், மேலறையில் தண்ணீர். திருகைச் சிறிது தளர்த்தினால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்லின்மேல் இறங்க, அங்கே பிறக்கும் அசிட்டிலீன் வாயு ரப்பர்க் குழாய் வழியே முன்விளக்குக்கு ஏறி, தீக்குச்சியைக் கண்டதும் வெள்ளை வெளேரென்று எரியும். மண்ணெண்ணெய் விளக்கின் மஞ்சள் ஒளிக்கே பழகியிருந்த கண்களுக்கு அது மகா பிரகாசமாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. ஆனால் அதைப் பேணுவது ஒரு விரதத்தை அனுஷ்டிப்பது போன்றது. வாயு வெளிவரும் நுண்துளையைக் கரி அடைத்துக்கொள்ளும். காற்று பலமாக அடித்தால் சுடர் அணையும். குளிர்தேசங்களில் தண்ணீரே உறைந்துபோகும். பிரயாணம் முடிந்தபின் குடுவையைத் திறந்து, எஞ்சிய சுண்ணாம்புச் சேற்றைச் சுரண்டி எறிந்து, கழுவிக் காயவைத்தாக வேண்டும். நாளைக்குச் செய்துகொள்ளலாம் என்று சோம்பியிருந்தவனுக்கு மறுநாள் இரவு விளக்கில்லை.

1914-ல் அமெரிக்காவின் இந்தியன் என்னும் கம்பெனி மின்விளக்கோடு கூடிய வண்டியைக் காட்டியது. பின்பு பர்மிங்ஹாம் நகரத்து லூகாஸ் கம்பெனியார், பொறி தரும் மாக்னெட்டோவையும் மின்சாரம் தரும் டைனமோவையும் ஒன்றாக இணைத்து ‘மாக்டைனோ’ என்ற சாதனத்தைச் செய்து விற்றபோது, கார்பைடுக் குடுவையின் காலம் முடிந்தது. எனினும் அக்காலத்து மின்விளக்கு 6 வோல்ட் பாட்டரியை நம்பியது. எஞ்சினின் வலிமையோ ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டிருந்தது. மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்பவன் ஒரு விநாடியில் 88 அடி கடந்துவிடுகிறான். விளக்கு காட்டும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடியாதவன், கண் திறந்திருந்தும் குருடனே. இந்தச் சிறிய கணக்கை உணராமல் ஓட்டியவர்களின் கதைதான் இராப் பிரயாணத்தின் முதல் ஐம்பது ஆண்டுச் சரித்திரத்தில் பெரும்பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது.

உடையின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். பாய்மரக் கப்பலின் பாய்த்துணிக்கு எண்ணெய் பூசி மழையைத் தடுத்த மாலுமிகளின் வித்தையிலிருந்து பிறந்ததே மெழுகு பூசிய பருத்தித் துணி. 1924-ல் ஸ்டோக்-ஆன்-ட்ரென்டில் தோன்றிய பெல்ஸ்டாஃப் கம்பெனியும், சர்வதேச ஆறுநாள் பந்தயத்துக்கென்று 1936-ல் ஓர் அங்கியை வகுத்த சவுத் ஷீல்ட்ஸ் நகரத்து பார்பர் குடும்பத்தாரும் அத்துணியை மோட்டார் சைக்கிள்காரரின் மேனிக்குக் கொண்டுவந்தார்கள். மழையும் குளிரும் அதனுள் புகவில்லை. ஆனால் அதன் நிறமோ கறுப்பு, அல்லது கரும்பச்சை. உள்ளே இருப்பவன் நனையாமல் இருந்தான். எதிரே வருபவனுக்கு அவன் புலப்படாமலும் இருந்தான்.

சிரசைக் காப்பதைப் பற்றி முதலில் கவலைப்பட்டவர் வண்டி செய்தவருமல்லர், ஓட்டியவருமல்லர், ஒரு வைத்தியர். புரூக்லண்ட்ஸ் பந்தய மைதானத்தில் மருத்துவ அதிகாரியாக இருந்த எரிக் கார்ட்னர், தலையில் அடிபட்டு வருபவர்களை அடிக்கடி கண்டு மனம் வருந்தி, கான்வாஸ் துணியையும் அரக்கையும் கொண்டு ஒரு தொப்பி செய்வித்தார்; 1914-ல் மேன் தீவின் டி.டி. பந்தயத்தில் அது கட்டாயமாக்கப்பட்டது. பந்தயத்தில் ஓடுபவனுக்கு வேண்டியது பாதையில் போகிறவனுக்கும் வேண்டுமே என்ற எண்ணம் மட்டும் ஒருவருக்கும் உதிக்கவில்லை. அது உதிப்பதற்கு ஒரு புகழ்பெற்ற மரணம் தேவைப்பட்டது.

1935 மே 13 அன்று, அரேபியப் போரினால் கீர்த்தி பெற்ற டி.இ. லாரன்ஸ், டார்செட்டில் தம் வீட்டுக்கருகே பிரௌ சுப்பீரியர் வண்டியில் வந்துகொண்டிருந்தபோது, மேடுபள்ளமான பாதையில் எதிர்ப்பட்ட இரண்டு சைக்கிள் சிறுவர்களை விலக்க முயன்று தூக்கியெறியப்பட்டார். நினைவு திரும்பாமலே ஆறு நாளில் இறந்தார். அவர் தலையில் கவசம் இல்லை. அப்போது அழைக்கப்பட்ட மருத்துவர்களுள் ஆஸ்திரேலியாவில் பிறந்த மூளை அறுவை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸும் ஒருவர். பகலில் நேர்ந்த அவ்விபத்தின் பாடத்தை அவர் மனத்திலேயே வைத்திருந்தார். அதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டும் சந்தர்ப்பத்தை அளித்தது யுத்தகாலத்து இருள்.

அந்த இருளைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். 1939 செப்டம்பரில் பிரிட்டனில் இருட்டடிப்பு அமலுக்கு வந்தது. தெருவிளக்குகள் அணைந்தன, வண்டிகளின் முன்விளக்குகளுக்கு மூடிபோட்டு, மெல்லிய கீற்றுகளின் வழியே மட்டும் ஒளி தரையில் விழச் செய்தார்கள். நடைபாதை ஓரங்களிலும் மரங்களிலும் வெள்ளைப் பட்டை தீட்டினார்கள். இரவில் பாதைக்கு வந்துவிடும் மாடுகளுக்குக்கூடச் சில குடியானவர்கள் வெள்ளை பூசினார்கள். 1940 பிப்ரவரியிலிருந்து வீடுகள் நெருங்கிய பகுதிகளில் இரவு வேகம் மணிக்கு 20 மைலுக்குள் அடக்கப்பட்டது. அப்படியும் 1941-ல் அந்நாட்டுப் பாதைகளில் 9,169 பேர் மாண்டார்கள்; அதற்கு முன்னும் பின்னும் எந்த ஆண்டிலும் அத்தனை பேர் அங்கே பாதையில் இறந்ததில்லை. பகைவனின் விமானத்துக்கு அஞ்சி மூட்டப்பட்ட இருள், தன் நாட்டு மக்களையே விழுங்கியது.

அவ்விருளில் கைகொடுத்த ஒரு சிறு பொருளை இங்கே நினைக்காமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. ஹாலிஃபாக்ஸ் நகரத்தருகே பாதை செப்பனிடும் தொழில் செய்த பெர்சி ஷா என்பவர், வண்டியின் ஒளியை வந்த திசைக்கே திருப்பியனுப்பும் கண்ணாடிக் குமிழ்களைப் பாதையின் நடுவே பதிக்கும் முறைக்கு 1934-ல் காப்புரிமை பெற்றிருந்தார். பூனைக்கண் என்று பெயர் பெற்ற அக்குமிழ்களை ரப்பர் மெத்தையில் பொருத்தியிருந்தார். சக்கரம் ஏறி அழுத்தும்போது ரப்பர், தேங்கிய மழைநீரால் கண்ணாடியைத் துடைத்துவிடும், கண்ணிமை விழியைத் துடைப்பது போல. எரிபொருள் வேண்டாம், காவல் வேண்டாம், மூடிபோட்ட விளக்கின் சொற்ப ஒளியே போதும், வானத்திலிருந்து பார்ப்பவனுக்கும் அது புலப்படாது. சமாதான காலத்தில் மெதுவாகப் பரவிய அக்கண்கள் யுத்தத்தில் சர்க்காரின் ஆதரவைப் பெற்றன. எனக்கு இதைவிட அழகான சாலைச் சாதனம் வேறொன்று தெரியாது.

யுத்தத்தில் செய்தி சுமந்து இரவும் பகலும் ஓடிய மோட்டார் சைக்கிள் சிப்பாய்கள் அடிபட்டு ஆக்ஸ்போர்டு மருத்துவமனைக்கு வந்தவண்ணம் இருந்தார்கள். கெய்ர்ன்ஸ் கணக்கெடுத்தார். யுத்தத்தின் முதல் 21 மாதங்களில் மோட்டார் சைக்கிளில் சென்றவரும் பின்னால் அமர்ந்தவருமாக 2,279 பேர் இறந்திருந்தார்கள். யுத்தத்துக்கு முந்தைய அதே அளவு காலத்தைவிட இது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிகம். கவசம் அணிந்து அடிபட்டவர்களாக அவர் கண்டது ஏழு பேரை மட்டுமே. அந்த ஏழு பேரும் பிழைத்தார்கள். ஏழு என்பது சிறிய எண்தான். ஆனால் 1941 அக்டோபரில் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் அவர் அதை எழுதியதும், நவம்பரிலேயே ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் சிப்பாய்கள் அனைவருக்கும் கவசத்தைக் கட்டாயமாக்கியது. 1943-ல் ஹோல்போர்ன் என்ற பௌதிக சாஸ்திரியோடு சேர்ந்து, கவசமணிந்து விழுந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் காயங்களை ஆராய்ந்து, மரக்கூழ்க் கவசத்தையும் ரப்பர்க் கவசத்தையும் ஒப்பிட்டு மீண்டும் எழுதினார். சாதாரணக் குடிகளுக்குப் பிரிட்டனில் கவசம் சட்டமானது 1973 ஜூன் 1 அன்று; கெய்ர்ன்ஸ் 1952-லேயே காலமாகிவிட்டார்.

நம் ஊருக்கு இக்கதையின் ஒரு கிளை வந்து சேர்ந்தது 1955-ல். ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்ட் கம்பெனியார் மதராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவை நிறுவ, திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாகத் தொடங்கின. அவ்வண்டியின் முன்பக்கத்தில் பெரிய விளக்கையும் வேகமானியையும் அம்மீட்டரையும் ஒருங்கே தாங்கும் உலோகத் தலைப்பாகை போன்ற பகுதி உண்டு. அதன் இருபுறமும் இரண்டு சிறு விளக்குகள். புலிக்கண் என்பது அவற்றின் பெயர். வழிகாட்டும் அளவுக்கு அவற்றுக்கு ஒளியில்லை. இருளில் ஓரமாக நிற்கும் வண்டி ஒன்று இங்கே இருக்கிறதென்று பிறருக்குச் சொல்வதே அவற்றின் வேலை. ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டு வெகுகாலமான பின்பும், சென்னையில் பிறக்கும் புல்லட்டின் நெற்றியில் அவை இரண்டும் எரிந்துகொண்டிருக்கின்றன.