லயத்து வீடும் சக்கர வீடும்

நவம்பர் பிறந்தால் போதும், எங்க தெருவில் ரெண்டு வீடு பூட்டிக்கொள்ளும். ரெண்டிலும் ரிட்டையர் ஆன தம்பதிகள். பஸ் சைஸில் ஒரு வண்டி வைத்திருக்கிறார்கள், உள்ளேயே கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உண்டு. நாலு நாள் ஓட்டி அரிசோனா போய், வாடகைக்கு ஒரு இடம் பிடித்து நிறுத்தினால் ஏப்ரலில்தான் திரும்புவார்கள். வருஷா வருஷம் அதே இடம், அதே பக்கத்து வண்டிக்காரர்கள். "அது எங்களுக்கு இன்னொரு ஊர்" என்றார் பெரியவர்.

எனக்கு மூணாறு ஞாபகம் வந்துவிட்டது. எங்க ஆச்சியும் கொஞ்ச காலத்துக்கு என்று மலையேறி 48 வருஷம் தங்கிவிட்டவள்தான். என்ன, அந்த வீட்டுக்குச் சக்கரம் கிடையாது.

கொஞ்சம் பின்னால் போகணும். 1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஏக்கருக்கும் மேலான மலைக்காட்டைக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். அதுதான் கண்ணன் தேவன் மலை. இன்றைக்கு இடுக்கி மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. காபி, சின்கோனா என்று என்னென்னமோ நட்டுப் பார்த்து, கடைசியில் தேயிலைதான் நிலைத்தது. 1897-ல் கம்பெனி வந்தது. காடு இருந்தது, பணம் இருந்தது, வேலைக்கு ஆள்தான் இல்லை. கீழே திருநெல்வேலி, மதுரைச் சீமையிலோ பஞ்சமும் கடனும். நடுவில் கங்காணி. கையில் முன்பணத்தைக் கொடுத்து, குடும்பம் குடும்பமாக மேலே கூட்டிப் போனார்கள். முன்பணம் சம்பளத்தில் கழியும். கழிவதற்குள் ஒரு கல்யாணமோ சாவோ வந்து, அடுத்த கடன் ஏறிவிடும். தீர்ந்ததும் ஊர் திரும்பலாம் என்று போனவர்கள் அங்கேயே பேரன் பேத்தி எடுத்தது இப்படித்தான்.

போடியிலிருந்து குரங்கணி, அங்கிருந்து செங்குத்தாக டாப் ஸ்டேஷன். டாப் ஸ்டேஷன் என்ற பேரே ரோப்வேயால் வந்தது. மூணாறிலிருந்து தேயிலை முதலில் மாடு இழுத்த ஒற்றைத் தண்டவாளத்திலும், 1908 முதல் குட்டி ரயிலிலும் அங்கே வரும். பிறகு ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கும். 1924 ஜூலை வெள்ளத்தில் அந்த ரயில் அடித்துப் போனது போனதுதான், மறுபடி போடவே இல்லை.

தேயிலைப் பெட்டிக்குக் கம்பி, ஆளுக்குக் கால். ஆச்சி 1940 வாக்கில், பத்து வயதில், கயத்தாறு பக்கத்திலிருந்து போடி வரை ரயிலில் போய், அப்புறம் நடந்து ஏறியிருக்கிறாள். "குளிர்னா என்னன்னே தெரியாதுலா எங்களுக்கு. வாயில இருந்து பொக வந்ததும் நெஞ்சு வேகுதோன்னு அழுதேன்" என்பாள். ஜனவரியில் அங்கே சில இடங்களில் பூஜ்யத்துக்குக் கீழே போகும், புல்லெல்லாம் உப்பு கொட்டின மாதிரி வெளுத்திருக்கும். கம்பெனி கொடுத்த கம்பளிதான் எல்லாமே. ராத்திரி போர்வை, மழைக்குக் கொங்காணி, பிள்ளைக்குத் தொட்டில்.

லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். இலங்கையில் லயன் என்பார்கள். ஒரு அறை, ஒரு அடுக்களை, முன்னால் சின்ன வராந்தா. சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். லீவுக்குப் போனபோது எனக்கு அது சொர்க்கமாக இருந்தது, எந்த வீட்டில் சாப்பிட்டேன் என்று கணக்கே கிடையாது. மாரியம்மன் கொடை, சர்ச் திருவிழா எல்லாமே ஊரிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு போனவை.

மொழிவாரி மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டுக்கு வரவேண்டும் என்று நேசமணி தலைமையில் 1954-ல் பெரிய போராட்டம் நடந்தது. 1956-ல் இரண்டும் கேரளத்தோடேயே நின்றுவிட்டன. ஆச்சியிடம் கேட்டால், "எந்த ஸ்டேட்டா இருந்தா என்னல, வீடு எஸ்டேட்டுக்குத்தான" என்பாள்.

விஷயமே அதுதான். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடு கொடுக்க வேண்டியது முதலாளி பொறுப்பாக இருந்தது. ஆனால் அது வேலைக்கான வீடு. 58 வயதில் வேலை முடிந்தால், வீட்டில் வேறு யாராவது அதே தோட்டத்தில் பேர் பதிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலி செய்யணும். படித்த பிள்ளைகூடக் கொழுந்து கிள்ளப் போனது பல வீடுகளில் இதற்காகத்தான். அம்மா கல்யாணமாகி வந்துவிட்டாள், மாமா திருப்பூர் போய்விட்டார். 1988-ல் ஆச்சி ஒரு டிரங்குப் பெட்டியோடு இறங்கினாள். (இங்கே வேலை போனால் விசாவுக்கு 60 நாள் என்று விரல் விட்டு எண்ணும் நண்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.)

2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்களே பெண்கள், பெம்பிளை ஒருமை என்று, சங்கத் தலைவர்களையே கிட்டே விடாமல்? அதில் லயத்து வீட்டுப் பேச்சும் இருந்தது. போனஸ் கிடைத்தது, அடுத்த மாதமே தினக்கூலி 232-லிருந்து 301 ரூபாய் ஆனது. வீடு அப்படியே இருந்தது.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, ராஜமலை பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து நாலு லயங்களை மூடியது. எழுபது பேர். மின்சாரமும் போனும் இல்லாததால் விடிந்துதான் வெளியே தெரிந்தது. இறந்தவர்களில் பலருக்குக் கயத்தாறுதான் பூர்வீகம். டிவியில் அந்தப் பேரைக் கேட்டதும் அம்மா எனக்குப் போன் செய்தாள், பேச முடியாமல் வைத்துவிட்டாள். பிறகு பிழைத்த எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் வீடு கட்டிக் கொடுத்தார்கள்.

ஊருக்கு இறங்கிய பிறகு ஆச்சி இன்னும் பதினாலு வருஷம் இருந்தாள். கயத்தாறு வெயிலில் சுருண்டுபோவாள், மூணு மணிக்கே எழுந்து கட்டன்சாயா போடுவாள், பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும். அக்கம்பக்கத்தில் அவளுக்கு மலையாளத்துக்காரி என்றே பேர். மூணாறில் இருந்தவரைக்கும் பாண்டிக்காரி.