நமது பள்ளியின் தேக்கு மேசைகள்

தேக்கு மலைநாட்டு மரமல்ல. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் அதை யாழ்ப்பாணத்தில் நட்டனர். ஆங்கிலேயர் காலத்தில் பர்மாத் தேக்கு கப்பலில் வந்தது. 1885இல் நானுஓயாவரை ரயில் பாதை திறக்கப்பட்டதும் கனமான தளபாடங்களை மேலே கொண்டுவருவது எளிதாயிற்று. கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் நடந்தே ஏறிய மலைக்குத் தேக்கு ரயிலில் வந்தது.

நம்மில் பலர் 10 அடிக்கு 12 அடி லயத்து அறையிலிருந்து வந்தவர்கள். உட்கார்ந்து எழுத நமக்குக் கிடைத்த முதல் மேசை பள்ளி மேசைதான்.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. கறையான் எளிதில் அண்டாது. ஆனால் மழை மாதங்களில் மரம் ஊதி லாச்சி இறுகும். தை, மாசி வறட்சியில் சுருங்கிப் பொருத்து இளகும். அதனால்தான் ஒவ்வொரு தவணை முடிவிலும் உலர்ந்த துணியால் தூசி துடைத்து, தேன்மெழுகை மெல்லியதாகப் பூசி, ரேகை வழியே தேய்த்தோம். தண்ணீர் ஊற்றிக் கழுவ ஆசிரியைமார் விட்டதேயில்லை. இளகிய கால்களைத் தச்சர் ஆணியடிக்காமல் கழற்றி ஒட்டினார்.

பாடசாலைகள் அரசுடைமையாயின, 1970களில் தோட்டங்களும் கைமாறின. மேசைகள் நிலைத்தன.

இன்று அவற்றை விற்றுப் பிளாஸ்டிக் கதிரைகள் வாங்கலாம் என்கிறார்கள். நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கைத் தச்சருக்கும் மெழுகுக்கும் ஒதுக்குவோம். பழைய வார்னிஷைச் சுரண்டும் வேலையை மட்டும் விடுமுறையில், வெளியில் வைத்துச் செய்விப்போம்; தேக்குத் தூள் ஆஸ்துமாவையும் தோல் அரிப்பையும் தூண்டும் என்பதை நம்முள் வைத்தியர்களானோர் அறிவோம்.

இன்னும் லயத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அந்த மேசைகள் வேண்டும்.