பைலட் மயங்கிவிட்டால் விமானத்தை நாம் இறக்க முடியுமா?

போன வாரம் காலேஜ் கேன்டீனில் ஒரு பெரிய விவாதம். நடுவானில் இரண்டு பைலட்டுகளும் மயங்கிவிட்டால் பயணிகளில் ஒருவர் விமானத்தை இறக்க முடியுமா? "எல்லாம் ஆட்டோபைலட்தான் மச்சி, பட்டனை அமுக்கினா அதுவே இறங்கிடும்" என்றான் நண்பன். முடியாது என்றேன் நான். ஏன் என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் விமானம் ஓட்டிய எல்லோருமே பயிற்சி இல்லாதவர்கள்தான். நம்ம சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் என்பவர், சிம்சன் கம்பெனியில் ஒரு விமானத்தைக் கட்டச் சொல்லி, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். சொல்லிக்கொடுக்க ஊரில் ஆளே இல்லாத காலம் அது. ஆனால் விழுந்தால் போவது அவர் ஒருவர் உயிர்தான்.

அடுத்து, நண்பன் சொன்ன பட்டன். அது முழுப் பொய் இல்லை. 1965 ஜூன் 10 அன்று லண்டன் ஹீத்ரோவில் பயணிகளோடு வந்த ஒரு டிரைடன்ட் விமானம் தானாகவே தரையைத் தொட்டது. இன்றைய பெரிய விமானங்கள் பலவற்றிலும் அந்த வசதி உண்டு. ஆனால் எந்த ஏர்போர்ட், எந்த ரன்வே என்று ஒருவர் சொல்ல வேண்டும். அந்த ரன்வேயில் அதற்கான கருவிகள் இருக்க வேண்டும். வேகத்தைக் குறைப்பது, இறக்கையின் ஃபிளாப்பை விரிப்பது, சக்கரத்தை இறக்குவது எல்லாம் சரியான நேரத்தில் நடக்க வேண்டும். நமக்கு ரேடியோவில் பேசும் பட்டன் எது என்றே தெரியாது!

இப்போது நம் நாட்டுச் சம்பவம் ஒன்று. 2010 மே 22 அன்று மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் விழுந்து 158 பேர் இறந்தது ஞாபகம் இருக்கலாம். அதற்கு நாலே நாள் கழித்து, மே 26 அன்று, அதே நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு துபாயிலிருந்து புனேவுக்கு வந்துகொண்டிருந்தது. உயரம் 37,000 அடி. கேப்டன் பாத்ரூம் போனார். உள்ளே இருந்தது 25 வயது கோ-பைலட் மட்டும். சீட்டைச் சரிசெய்யும்போது, முன்னால் இருந்த கன்ட்ரோலை அவர் தெரியாமல் தள்ளிவிட்டார். ஆட்டோபைலட் விலகி, விமானம் மூக்கு குத்திக் கீழே பாய்ந்தது. பதறிப்போன அவரால் விமானத்தையும் நிமிர்த்த முடியவில்லை, கதவையும் திறக்க முடியவில்லை.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு காக்பிட் கதவுகள் கோட்டைக் கதவு மாதிரி ஆகிவிட்டன. வெளியே ரகசிய எண்ணை அழுத்தினால் உள்ளே மணி அடிக்கும். உள்ளே இருப்பவர் மறுக்காவிட்டால் சிறிது நேரத்தில் கதவு திறக்கும். கேப்டன் அப்படித்தான் உள்ளே போய் விமானத்தை நிமிர்த்தினார். அதற்குள் சுமார் 7,000 அடி இறங்கியிருந்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்த மாதிரி நிலைமையைச் சமாளிக்க அந்தக் கோ-பைலட்டுக்குப் பயிற்சி இல்லை என்பதை டி.ஜி.சி.ஏ. அறிக்கையும் சொன்னது.

அவர் லைசென்ஸ் வாங்கியவர். இன்னும் சில வருஷத்தில் எனக்கும் அந்த வயது வரும். அவருக்கே அந்த நிலைமை என்றால், டெபிட், கிரெடிட் மட்டும் தெரிந்த நான் அந்த சீட்டில் உட்கார்ந்தால்? முதலில் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போவதே பெரிய பாடு.

அப்படியானால் வாய்ப்பே இல்லையா? சின்ன விமானத்தில் நடந்திருக்கிறது. 2022 மே 10 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், பைலட் நினைவிழந்ததும், ஓட்டவே தெரியாத ஒரு பயணி செஸ்னா விமானத்தைப் பத்திரமாக இறக்கினார். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த அனுபவமும் உள்ள கன்ட்ரோலர் ஒருவர், ரேடியோவில் ஒவ்வொரு அடியாகச் சொல்லிக்கொடுத்தார். 'மித்பஸ்டர்ஸ்' டிவி நிகழ்ச்சியில் பெரிய விமானத்தின் சிமுலேட்டரில் இரண்டு பேர் முயன்றார்கள். உதவி இல்லாமல் மோதினார்கள். ஒருவர் சொல்லிக்கொடுத்ததும் இறக்கினார்கள். ஆனால் பயணிகள் நிறைந்த பெரிய ஜெட்டை ஒரு கத்துக்குட்டி நிஜமாகவே இறக்கிய சம்பவம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

படிக்கும்போது எனக்கு எங்கள் ராயபுரம்தான் ஞாபகம் வந்தது. இங்கே துறைமுகத்திலும் 'பைலட்' உண்டு. வெளியே நிற்கும் கப்பலுக்குப் படகில் போய், நூலேணியில் ஏறி, உள்ளே கூட்டி வருபவர். உலகம் சுற்றிய கேப்டன்கூட, இந்த வாசலைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்காமல் உள்ளே வருவதில்லை.

ஆகவே நண்பா, தனியாக விட்டால் நிச்சயம் முடியாது. காதில் ஒரு நல்ல குரலும், கொஞ்சம் நேரமும், நிறைய எரிபொருளும் இருந்தால் முயன்று பார்க்கலாம். கேன்டீன் டீ காசை நீயே கொடுத்துவிடு :)