விழியின் இறுக்கமும் உயிரணுவின் இழுவிசையும்

மூடிய இமையின்மேல் விரல் நுனிகளை மெல்ல வைத்து, விழி எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை ஸ்பரிசத்தால் உணர்ந்து, கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோயை நிச்சயிப்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டு வைத்தியர்களின் வழக்கமாயிருந்தது. 1905-இல் நார்வே தேசத்து ஷியோட்ஸ் தமது அழுத்தமானியை அளித்த பின்னர் அவ்விறுக்கத்தை எண்ணால் அளப்பது எங்கும் பரவலாயிற்று.

சிகிச்சையின் சரித்திரத்தில் அன்றைய சென்னை மாகாணத்துக்கும் சிறப்பிடம் உண்டு. 1819-இல் தோன்றிய சென்னைக் கண் மருத்துவமனையின் தலைவராயிருந்த ராபர்ட் ஹென்றி எலியட், வெண்விழியும் கருவிழியும் கூடும் விளிம்பில் வட்டமாகச் சிறு துளையிட்டு, தேங்கிய நீருக்குப் புதுவழி திறக்கும் அறுவை முறையை 1909-இல் வெளியிட்டபோது, பிற தேசத்து வைத்தியர்களும் அதைக் கைக்கொண்டனர். ஆயினும், இயற்கையான வடிகால் ஏன் அடைபடுகிறது என்ற கேள்வி அப்படியே நின்றது.

அதற்கான விடையின் ஒரு பகுதி உயிரணுவுக்குள் இருந்தது. விழிக்குள் இடையறாது சுரக்கும் நீர், கருவிழியின் ஓரத்திலுள்ள வலைபோன்ற திசுவின் வழியே வெளியேறுகிறது. அத்திசுவின் ஒவ்வோர் அணுவுக்குள்ளும் ஆக்டின் என்னும் புரத இழைகள் கட்டுக்கட்டாய் ஓட, மயோசின் என்னும் மற்றொரு புரதம் அவற்றைப் பற்றி இழுக்க, கூடாரத்தை இழுத்துக் கட்டிய கயிறுகள் நிறுத்துவதுபோல், அவ்விழுவிசையே அணுவுக்கு உருவமும் உறுதியும் தருகிறது. இழுவிசை மிகுந்தால் வலை இறுகி நீர் தேங்கும்; தளர்ந்தால் எளிதில் வடியும். ஸ்டீராய்டு மருந்து இவ்வணுக்களின் ஆக்டின் இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாய்ப் பிணைத்து வலைக்கூடுகளாக்குவதை 1994-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டறிந்தனர்; அம்மருந்தைக் கண்ணில் இட்டவர்களில் சிலருக்கு அழுத்தம் உயர்வதன் காரணம் இதனால் ஓரளவு புலனாயிற்று.

இவ்வாராய்ச்சியில் மதுரைக்கும் பங்குண்டு. அந்நகரின் பழங்காநத்தத்திலிருந்து வைகையைக் கடந்து சென்றால் அண்ணா நகரில் நிற்கும் அரவிந்த் கண் மருத்துவமனை, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் கண் அறுவையில் தேர்ந்து விளங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியால் 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கப்பெற்றது. அதன் ஆராய்ச்சி நிலையத்தார், தானமாகக் கிடைத்த கண்களின் அணுக்களில் ஸ்டீராய்டு விளைக்கும் அதே ஆக்டின் வலைகளை ஆராய்ந்து வருகின்றனர். தென் மாவட்டக் கிராமங்களில் அந்நிறுவனம் நடத்தி, 2003-இல் வெளியிட்ட ஆய்வோ, நாற்பது வயது கடந்தோரில் 2.6 சதவீதத்தினருக்கு இந்நோய் இருப்பதையும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் அதை அறியாமலே இருந்ததையும் காட்டியது.

அணுவின் இழுவிசையைத் தளர்த்தும் சொட்டு மருந்துகள் 2014-இல் ஜப்பானிலும் 2017-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றன. துளையிட்டு வழி திறந்த சாஸ்திரம், அடைபட்ட வழியையே இளக்கக் கற்றுக்கொண்டது பெரும் முன்னேற்றமே. ஆனால், இந்நோயால் பட்டுப்போன பார்வை நரம்பை உயிர்ப்பிக்கும் மருந்து இன்றும் இல்லை. ஆகையால் நாற்பதைக் கடந்த ஒவ்வொருவரும் கண்ணழுத்தத்தைச் சோதித்துக்கொள்வதும், ஸ்டீராய்டுச் சொட்டு மருந்தை வைத்தியர் சொல்லாமல் கடையில் வாங்கி இடாதிருப்பதும், இவ்வளவு பேருடைய உழைப்பு நம்மிடம் கோரும் எளிய கடமைகளாகும்.