சௌரங்கியில் ஒரு கல்வேலி

கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தை 1814-இல் ஆசியவியல் கழகத்தில் தொடங்கிவைத்தவர் டென்மார்க் தாவரவியலாளர் நத்தானியல் வாலிச். சௌரங்கியில் இன்றுள்ள கட்டடம் மக்களுக்குத் திறக்கப்பட்டது 1878-இல்.

பள்ளிச் சுற்றுலாவில் வரும் பிள்ளைகள் எகிப்திய மம்மியைத் தேடித்தான் ஓடுவார்கள். துணைக்கு வரும் பெற்றோர் அவர்களைப் பார்குத் கூடத்துக்கும் அழைத்துப்போக வேண்டும்.

தொல்லியலாளர் கன்னிங்காம் 1873-இல் மத்திய இந்தியாவின் பார்குத்தில் கண்டறிந்த பௌத்தத் தூபியின் செந்நிறக் கல்வேலி அங்கே நிற்கிறது. வயது இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல். ஒரு வட்டச் சிற்பத்தில், மாட்டுவண்டியில் வந்த காசுகளைத் தரையில் பரப்புகிறார்கள். அவிழ்த்துவிட்ட மாடுகள் பக்கத்தில் படுத்திருக்கின்றன. புத்தருக்காகச் செல்வர் அனாதபிண்டிகர் ஜேதவனம் என்ற தோட்டத்தை விலைக்கு வாங்கிய கதை அது. கீழே பிராமி எழுத்தில் கதைக்குறிப்பும் உண்டு.

மம்மிக்கு ஐந்து நிமிடம் போதும். இந்தக் கல்லுக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.