ஒத்திசைவின் இலக்கணம்: மேலைத்தேய இசையிற் சுரக்கூட்டுத் தொழிற்பாடு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மேலைத்தேய இசையைக் கற்கப் புகும் மாணவன் தொடக்கப் பாடங்களிலேயே மூன்று செய்திகளை மனனஞ் செய்துகொள்கிறான். ஒவ்வோர் உருப்படியும் ‘கீ’ எனப்படும் ஒரு சுருதிநிலையில் அமையும் என்பது ஒன்று. அச்சுருதிநிலையின் சுரங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கினால் ‘கோட்’ எனப்படும் சுரக்கூட்டுகள் பிறக்கும் என்பது மற்றொன்று. அக்கூட்டுகளுள் ஒவ்வொன்றுக்கும் நிலையான தொழிற்பாடு உண்டு என்பது மூன்றாவது. இவை மாணவனுக்கு இயற்கை விதிகளாகவே அறிமுகமாகின்றன. நீர் பள்ளத்தை நோக்கிப் பாய்வதுபோல ஐந்தாம் சுரத்தின் கூட்டு ஆதாரசுரத்தின் கூட்டை நோக்கிச் செல்லும் என்று அவன் நம்புகிறான். இவ்விதிகளுக்குப் பிறந்த காலமும் வளர்ந்த இடமும் உண்டு என்பதனைப் பாடநூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோட்பாடு கூறுவது யாது?

வரலாற்றுக்குள் நுழையுமுன் கோட்பாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். மேலைத்தேயத்தார் மேஜர் என்று வழங்கும் சுரவரிசை, எமது சங்கராபரணத்தின் சுரத்தானங்களைக் கொண்டது. ஆகவே எமக்குப் பழக்கமான சுரப்பெயர்களைக் கொண்டே இதனை விளக்கலாம். ஆதாரமாகிய சட்சத்தின்மீது எழும் கூட்டு ச-க-ப. பஞ்சமத்தின்மீது எழுவது ப-நி-ரி. மத்திமத்தின்மீது எழுவது ம-த-ச. இம்மூன்று கூட்டுகளையும் ஒருங்கே நோக்கினால் ஏழு சுரங்களும் அவற்றுள் அடங்கிவிடுவதைக் காணலாம். எளிய பாடல்கள் பலவற்றுக்கு இம்மூன்று கூட்டுகளே துணையிசையாகப் போதுமாவது இக்காரணத்தாலேயே.

இம்மூன்றும் ஒரே தன்மையன அல்ல. ச-க-ப இளைப்பாறும் இடம். ம-த-ச அவ்விடத்தை விட்டு அகலும் அசைவு. ப-நி-ரி மீளத் தூண்டும் இழுப்பு. இவ்விழுப்பின் காரணமும் விளக்கத்தக்கதே. ப-நி-ரி என்பதனுடன் மத்திமத்தையும் சேர்த்தால், நிடாதம் தனக்கு மிக அண்மையிலுள்ள மேற்சட்சத்தை நோக்கி ஏறவும், மத்திமம் தனக்கு அண்மையிலுள்ள காந்தாரத்தை நோக்கி இறங்கவும் விழைகின்றன. இரண்டும் நிறைவேறும்போது செவி அமைதி கொள்கிறது.

இங்கே கருத்திற்கொள்ள வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. தொழிற்பாடு கூட்டின் உடைமையன்று; சுருதிநிலையில் அது வகிக்கும் இடத்தின் உடைமையாகும். ச-க-ப என்னும் அதே கூட்டு, மத்திமத்தை ஆதாரமாகக் கொண்ட சுருதிநிலையில் மீளத் தூண்டும் கூட்டாகிவிடும். பஞ்சமத்தை ஆதாரமாகக் கொண்டால் அகலும் கூட்டாகும். ஒரே பெயர்ச்சொல் ஒரு வாக்கியத்தில் எழுவாயாகவும் இன்னொன்றிற் செயப்படுபொருளாகவும் நிற்பதை இதனோடு ஒப்பிடலாம். ஒரு சுருதிநிலையிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்வதும் இந்த இரட்டைத் தன்மையினாலேயே இயலுகிறது.

பதினாறாம் நூற்றாண்டு வரை

இத்தகைய சிந்தனை இடைக்கால ஐரோப்பாவில் இருக்கவில்லை. திருச்சபை இசையின் அடிப்படை எட்டு ‘மோட்’ முறைகளாகும். அவை முடிவுச்சுரத்தையும் சஞ்சார எல்லையையும் கொண்டு வகுக்கப்பட்டன. பல குரல்கள் ஒருங்கே ஒலித்தபோதும், இசையறிஞர் அவற்றைத் தனித்தனி இழைகளின் பின்னலாகவே கருதினர். இரு குரல்களுக்கிடையிலான தூரமே அவர்தம் அளவுகோல். மூன்று சுரங்கள் சேர்ந்து ஒரு பொருளாகும் என்ற எண்ணம் வலுப்பெறவில்லை.

மாற்றத்தின் அறிகுறிகள் பதினாறாம் நூற்றாண்டிற் புலப்படுகின்றன. சுவிற்சர்லாந்து அறிஞர் கிளாறியானுஸ் 1547இல் வெளியிட்ட ‘டோடெக்காகோர்டன்’ என்ற நூலில் முறைகளின் தொகையைப் பன்னிரண்டாக உயர்த்தினார். அவர் சேர்த்த அயோனியன், இயோலியன் ஆகியவை பிற்கால மேஜர், மைனர் வரிசைகளுக்கு ஒப்பானவை. நெடுங்காலம் வழக்கிலிருந்தவற்றுக்கே அவர் பெயரிட்டார் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1558இல் வெனிஸ் நகரில் நூல் வெளியிட்ட சார்லினோ, காந்தாரத்தை 5:4 என்ற எளிய விகிதத்தால் இசைவுடையதாக ஏற்றார். பைதகரஸ் மரபில் அதன் விகிதம் 81:64 ஆகும். காந்தாரம் இனியதென ஏற்கப்பட்ட பின்னரே ச-க-ப என்ற அடுக்குக்குக் கோட்பாட்டளவில் இடங்கிடைத்தது.

விதியும் வழக்கும் மோதிய காலம்

பதினேழாம் நூற்றாண்டின் வாயிலில் நிகழ்ந்த ஒரு விவாதம் எமது பொருளுக்கு மிக இன்றியமையாதது. சார்லினோவின் மாணவராகிய ஆர்ட்டூசி என்பவர் 1600இல் வெளியிட்ட நூலிற் புதிய இசையின் குறைகளைப் பட்டியலிட்டார். முன்னேற்பாடின்றி முரண்சுரங்களை ஒலிக்கவிட்டமை அவர் கண்ட பெருங்குற்றம். அவர் எடுத்துக்காட்டிய பகுதிகள் மொண்டவேர்டியின் ஆக்கங்களைச் சேர்ந்தவை. எனினும் அந்நூலில் அவர் பெயரைக் குறிப்பிடவில்லை. மொண்டவேர்டி 1605இல் வெளியிட்ட ஐந்தாம் மட்ரிகல் தொகுதியில் அவ்வாக்கங்களுட் சிலவற்றை அச்சிட்டு, தாம் பின்பற்றுவது ‘இரண்டாம் வழக்கு’ என்றும், அது எழுந்தமானமாக எழுந்ததன்று என்றும் விடையிறுத்தார். சார்லினோ ஒருகாலத்தில் வகித்த வெனிஸ் புனித மாற்கு ஆலயத்தின் இசைத்தலைமைப் பதவி, 1613இல் அதே மொண்டவேர்டிக்குக் கிடைத்தது. வழக்கு விதியை வென்றது எனலாம்.

இதே காலத்தில் ‘தொடர் மந்திரம்’ என்று நாம் பெயரிடக்கூடிய ஒரு பயிற்சிமுறை பரவியது. கீழ்க்குரல் மட்டும் முழுமையாக எழுதப்பட்டு, அதன்மீது ஒலிக்க வேண்டிய சுரங்கள் 6, 7 போன்ற இலக்கங்களாற் குறிக்கப்பட்டன. வியதானா 1602இல் வெளியிட்ட திருச்சபை இசைத்தொகுதி இதனைப் பரப்பியவற்றுள் ஒன்று. ஓர்கன் வாசிப்போர் இலக்கத்தைக் கண்டவுடன் முழுக்கூட்டையும் கைவிரல்களால் அமைத்தனர். சுரக்கூட்டு முதலில் விரல்களுக்குப் பழகிய பொருளாயிற்று. சிந்தனைக்குரிய பொருளானது அதன் பின்னரே. ஜேர்மனியில் லிப்பியுஸ் 1612இல் முச்சுரக்கூட்டை ஒரே பொருளாகக் கண்டு பெயரிட்டபோதும், வாசிப்போர் நூறாண்டுகளுக்குமேல் இலக்கங்களையே நம்பியிருந்தனர்.

1722ஆம் ஆண்டு

1722ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். அவ்வாண்டிலேயே ஜேர்மனியில் யொகான் செபஸ்தியான் பாக், பன்னிரு சுரத்தானங்களிலும் மேஜர், மைனர் ஆகிய இருவகையிலுமாக இருபத்துநான்கு சுருதிநிலைகளுக்கு உருப்படிகளமைந்த ‘நன்கு சுருதிசேர்த்த கிளேவியர்’ என்னும் தொகுதியின் முதற்பாகத்தை நிறைவுசெய்தார்.

இதன் அருமையை உணரச் சுருதிசேர்த்தற் சிக்கலை அறிதல் வேண்டும். சட்சத்திலிருந்து 3:2 என்ற விகிதப்படி பஞ்சமம் பஞ்சமமாகப் பன்னிருமுறை ஏறினால், ஏழு தாயிகளைக் கடந்து தொடங்கிய சுரத்துக்கே மீளவேண்டும். ஆனால் மிகச் சிறிய ஓர் இடைவெளி மிஞ்சிவிடுகிறது. அதனை எங்கே மறைப்பது என்பதே கருவி செய்வோரின் நெடுநாட் கவலை. காந்தாரங்களைத் தூய்மையாக்கிய பழைய முறைகளிற் சில சுருதிநிலைகள் மட்டுமே இனிமையாக ஒலித்தன. எஞ்சியவை செவியைக் கடித்தன. மிச்சத்தைப் பகிர்ந்தளித்த புதிய முறைகளில் எல்லாச் சுருதிநிலைகளும் பயன்படுவனவாயின. எனினும் பாக் கையாண்டது இன்றைய பியானோவின் சமபங்கு முறைதான் என்று துணிவதற்கில்லை.

அதே 1722இல் பிரான்ஸ் நாட்டின் றாமோ, பாரிஸ் நகரில் ‘ஒத்திசைவு பற்றிய ஆய்வுரை’யை வெளியிட்டார். கிளேர்மொன்ட் நகரத் தேவாலயத்தின் ஓர்கன் கலைஞராயிருந்த அவரது மையக்கருத்து எளிமையானது. ச-க-ப என்பதிற் காந்தாரம் கீழே வரினும், பஞ்சமம் கீழே வரினும், கூட்டு ஒன்றே. அதன் வேர் சட்சமே. இலக்கமுறை வெவ்வேறாகக் காட்டிய பல வடிவங்கள் இதனால் ஒரு சில கூட்டுகளாகச் சுருங்கின. அவ்வேர்ச்சுரங்களை மட்டும் தொகுத்து அவர் ‘அடிப்படை மந்திரம்’ என்றழைத்தார். செவிக்கு நேரடியாக ஒலிக்காத அவ்வரிசை பெரும்பாலும் பஞ்சம உறவினால் நகர்கிறது என்பது அவர் கண்ட உண்மை. 1726இல் வெளியிட்ட அடுத்த நூலில் ஆதாரத்துக்கு மேலே பஞ்சமமும் கீழே அதற்கிணையான மத்திமமும் இருபுறமும் நிற்கும் அமைப்பை விளக்கினார். தொழிற்பாட்டுக் கோட்பாட்டின் கரு இதுவே.

இயற்கையா? மரபா?

றாமோ தமது கண்டுபிடிப்பை மரபென ஏற்காது, இயற்கையின் ஆணையாக நிறுவ முற்பட்டார். ஒரு தந்தி அதிரும்போது அடிப்படைச் சுரத்துடன் மெல்லிய துணைச்சுரங்களும் ஒலிக்கின்றன. அவற்றுள் முதல் ஆறினுள்ளேயே ச-க-ப அடங்கியிருக்கக் காணலாம். 1737ஆம் ஆண்டு நூலில் இதனையே அவர் ஆதாரமாக்கினார். ஆனால் காந்தாரம் தாழ்ந்த மைனர் கூட்டை இத்துணைச்சுரங்கள் தரவில்லை. வழக்கிற் பாதியளவு இடம்பெற்ற கூட்டை இயற்கை வழங்க மறுத்தமை அவர் வாழ்நாளெல்லாம் தீராத இடர்ப்பாடாயிற்று.

சமகாலத்தவர் எல்லோரும் அவரை ஏற்கவுமில்லை. றூசோ இசையின் உயிர் மெட்டிலேயே உண்டென வாதிட்டார். பாக்கின் மகனாகிய கார்ல் பிலிப் இம்மானுவேல் பாக், தம்முடைய கோட்பாடுகளும் தந்தையினுடையவும் றாமோவுக்கு எதிரானவை என்று எழுதியதைக் கேர்ன்பேர்கர் 1779இல் வெளியிட்டார். இன்று உலகெங்கும் மாணவர் பாக்கின் உருப்படிகளையே றாமோவின் வழிவந்த கோட்பாட்டால் ஆராய்கின்றனர் என்பதை எண்ணிப் பார்க்கும்போது, கோட்பாடும் ஆக்கமும் எத்துணை வேறுபட்டவை என்பது புலனாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வினா கூர்மை பெற்றது. பெல்ஜிய அறிஞர் பெற்றிஸ் 1844ஆம் ஆண்டு நூலில், சுரங்களுக்கிடையிலான உறவு முறை இயற்கையால் மட்டும் விதிக்கப்பட்டதன்று. மக்களுக்கு மக்களும் காலத்துக்குக் காலமும் வேறுபடுவது என்று கொண்டார். ஒலியின் பௌதிகத்தை நன்கறிந்த ஹெல்ம்ஹோல்ட்ஸும் 1863இல் வெளியிட்ட தமது பெருநூலில், சுரவரிசைகளும் ஒத்திசைவும் மாறா விதிகளில் மட்டும் தங்கியிருக்கவில்லை, மாறிவரும் அழகியல் நெறிகளிலும் தங்கியுள்ளன என்றே முடிவுகட்டினார். தந்தியின் அதிர்வை அளந்தறிந்த விஞ்ஞானியே இவ்வாறு கூறியமை எமது கவனத்துக்குரியது.

நிறைவும் சிதைவும்

இன்றைய மாணவன் எழுதும் உரோம இலக்கங்கள் கொட்பிரீட் வேபரின் 1817-1821 காலத்து நூலாற் பரவியவை. ‘தொழிற்பாடு’ என்ற சொல்லைக் கோட்பாடாக்கியவர் ஹுகோ றீமான். அவரது ‘எளிமையாக்கப்பட்ட ஒத்திசைவியல்’ 1893இல் வெளிவந்தது. எல்லாக் கூட்டுகளையும் ஆதாரம், மேற்பஞ்சமம், கீழ்ப்பஞ்சமம் என்ற மூன்று தொழில்களுள் அவர் அடக்கினார். மைனர் கூட்டை விளக்க அவர் துணைக்கழைத்த கீழ்நோக்கிய துணைச்சுரங்களைப் பௌதிகம் ஏற்கவில்லை. ஆயினும் மூன்று தொழில்கள் என்ற பாகுபாடு நிலைத்துவிட்டது.

இலக்கணம் முழுமையடைந்த வேளையில் மொழி மாறத் தொடங்கியிருந்தது. 1865இல் மூனிச் நகரில் அரங்கேறிய வாக்னரின் ‘திறிஸ்தானும் இசோல்டேயும்’ என்ற இசைநாடகத்தின் தொடக்கத்தில், மீளத் தூண்டும் கூட்டு ஒலிக்கிறது, மீட்சியோ நிகழ்வதில்லை. றீமானின் நூல் வெளிவந்து பதினைந்து ஆண்டுகளில், ஷோன்பேர்க் 1908இல் நிறைவுசெய்த இரண்டாம் தந்தி நால்வரிசையின் ஈற்றுப்பகுதி, சுருதிநிலைக் குறியீடே இன்றி எழுதப்பட்டது. அவரே 1911இற் பழைய ஒத்திசைவைக் கற்பிக்கும் பெருநூலொன்றையும் எழுதினார். ஆனால் அதிற் கூறப்படுவன நிரந்தர விதிகளல்ல என்று வற்புறுத்தினார்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை பெறப்படுகிறது. சுரக்கூட்டுகளின் தொழிற்பாடு முதலில் வழக்கில் வேரூன்றியது. நூற்றாண்டு கழிந்து விளக்கம் பெற்றது. மேலும் ஒன்றரை நூற்றாண்டு கழிந்து பெயர் பெற்றது. பெயர் பெற்றபோது வழக்கின் ஒரு பகுதி அதனை விட்டு விலகிக்கொண்டிருந்தது. இலக்கியத்தின் பின்னரே இலக்கணம் என்ற எமது மரபின் துணிபுக்கு இது அயல்நாட்டுச் சான்றாகும்.

இது எமக்கும் தொடர்புடைய செய்தியே. ஒத்திசைவு எமது இசையில் வளராமையை வளர்ச்சிக்குறைவாகக் கருதுவோர் உளர். ஐரோப்பியர் கூட்டுகளின் உறவாகக் கண்ட அதே சட்சபஞ்சம உறவை, எமது முன்னோர் பண்களைப் பிறப்பிக்கும் வழியாகக் கண்டனர். ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ (1917), விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ (1947) ஆகியவை அவ்வழியை ஆராய்ந்த பெருநூல்கள். ஒரே விதையிலிருந்து இருவேறு மரங்கள் வளர்ந்துள்ளன. ஒன்றின் கிளைகளைக் கொண்டு மற்றொன்றை அளத்தல் முறையாகாது.

அதனால் மேலைத்தேய ஒத்திசைவைக் கற்பது வீண் என்பது எமது கருத்தன்று. மொண்டவேர்டி முதல் வாக்னர் வரையான மாபெரும் ஆக்கங்களைச் சுவைப்பதற்கு அதனினும் சிறந்த திறவுகோல் இல்லை. அதனை விதியாக மட்டுமன்றி வரலாறாகவும் கற்பித்தல் வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். மூன்று கூட்டுகளை மனனஞ் செய்யும் மாணவன், புதிய வழக்கை ஏற்க மறுத்த ஆர்ட்டூசியையும், அதனை ஏற்பித்த மொண்டவேர்டியையும் அறிந்துகொண்டால், விதிகளை மதிப்பதோடு அவை மனிதர் ஆக்கியவை என்பதையும் உணர்வான். தன் நாட்டு இசையை அணுகும்போதும் அவ்வுணர்வு அவனுக்குத் துணைநிற்கும்.